பின்பக்கம் பார்த்து உட்காருகிறவருக்கு ஒரு ஹெட்செட்

மார்ச் 2

வணக்கம்.

டைரக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். போன் செய்து பார்த்தேன், அக்காதான் எடுத்தாள். "அவர் வாயைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கு. உன்கிட்ட பேச எனக்கு வாயில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிட்டீர்கள் என்று காட்டுகிறது, பதில் வருவதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன்னாலாவது ஒரு தடவை படிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் விழுந்த அன்று நம் ஹெல்மெட்டுகளில் மாட்டியிருந்த இரண்டு ஹெட்செட்டையும் பாதுகாப்பு ஆபீசர் விசாரணைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் நாம் படம் எடுக்கப்போகிற மலைப்பாதை சைக்கிள் ரேஸ் இருக்கிறது. அதற்குள் கேமரா வண்டிக்குப் புது ஜோடி வாங்கியாக வேண்டும். ஓட்டுகிறவனும் பின்னால் உட்காருகிறவரும் சேர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது டைரக்டரின் உத்தரவு. ஆகவே உங்கள் விருப்பம் தெரிய வேண்டும். முகம் திறந்த ஹெல்மெட்டையே போடப்போகிறீர்களா, முழுக்க மூடியதற்கு மாறப்போகிறீர்களா? திறந்தது என்றால் வாய்க்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் மைக் வேண்டும். மூடியது என்றால் உள்ளே ஒட்டுகிற பொத்தான் மைக் போதும். காதில் அமுக்குகிற ஸ்பீக்கர் பழையதுபோல் தடிமனாக இருக்கலாமா? சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி இடது பக்கமா, வலது பக்கமா?

விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலத்தை உங்களுக்கும் தெரிவிக்கச் சொன்னார்கள். எழுதியது இவ்வளவுதான்: "நான் கேமரா பைக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். கேமராமேன் என் முதுகோடு முதுகாகப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பின்னால் வந்த சைக்கிள் வீரர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். புதிதாகப் போட்டிருந்த வேகத்தடை ஒன்று எதிரே வந்தது. வழக்கப்படி 'மேடு' என்று சொல்லி எச்சரித்தேன். ஹெட்செட் கோளாறால் அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் பிடித்துக்கொள்ளவில்லை. வண்டி தூக்கிப் போட்டதில் கேமரா அவர் தாடையில் அடித்தது, கீழே விழுந்தார்."

இதில் பொய் எதுவும் இல்லை. பதில் எழுதவும்.

இப்படிக்கு,
கேமரா வண்டி ஓட்டுநர்


மார்ச் 6

மதிப்பிற்குரிய கேமரா வண்டி ஓட்டுநர் அவர்களுக்கு,

வணக்கத்தில் ஆரம்பித்து இப்படிக்குவில் முடித்திருக்கிறாய். நான் உனக்கு யார் என்று நடுவில் ஒரு இடத்திலாவது சொல்லியிருக்கிறாயா என்று உன் அக்காவைத் தேடச் சொன்னேன். அவளுக்கும் கிடைக்கவில்லை. பேங்கில் கடன் கேட்கிறவன்கூட மேனேஜரிடம் இதைவிட ஒட்டுதலாக எழுதுவான்.

பொய் எதுவும் இல்லை என்கிறாய். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தப் பழைய ஹெட்செட்டின் லட்சணம் உனக்குத் தெரியாதா? யாரும் பேசாதபோது அது தூங்கும். குரல் கேட்டால்தான் கண் விழிக்கும். விழிக்கிற அவசரத்தில் முதல் வார்த்தையை முழுங்கிவிட்டுத்தான் அடுத்ததை அனுப்பும். அதற்காகத்தானே நாம் அந்த வழக்கத்தையே பிடித்தோம்? "மாமா, மேடு." "மாமா, இடது வளைவு." "மாமா, பிரேக் போடறேன்." அந்த மாமா எனக்கு அல்ல, பெட்டியை எழுப்புவதற்கு. நானும் அப்படித்தான், "மாப்ள" என்று ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். குழுவில் எல்லாரும் நம்மைப் பார்த்து, உலகத்திலேயே மரியாதையான மாமன் மச்சான் இவங்கதான் என்று கேலி செய்வார்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு மாமா கூட வரவில்லை. நீளமாகச் சொன்னவை பாதியாவது வந்தன. மேடு என்பது ஒற்றை வார்த்தை. அது பெட்டியின் வயிற்றுக்குள் போய்விட்டது. எனக்கு வந்தது ஒன்றுமில்லை, தெரிகிறதா? ஒன்றுமில்லை. லென்ஸுக்குள் ஒரு மஞ்சள் சட்டைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தான். அடுத்த நொடி வானம். ஹெட்செட் கோளாறாம்! உன் தலையில் இருந்த கோளாறை அதன் தலையில் கட்டிவிட்டாய்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில்: எனக்குத் தெரியாது. ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிக்கிறவனிடம் மைக்கின் நீளத்தைக் கேட்காதே. டைரக்டர் புதிதாகச் சேர்த்திருக்கும் கேமராப் பெண்ணிடம் கேள். கையும் நடுங்காது, வாயும் திறப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். உனக்குப் பொருத்தமான ஜோடி.

நான் ரேஸ் முடிகிற கோட்டில் ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டு படம் எடுத்துக்கொள்கிறேன். தரை என்னைத் தூக்கிப் போடாது.


மார்ச் 9

நீங்கள் யார் என்று நான் சொல்லவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்பதை இப்போது சொல்கிறேன்.

நீங்கள் விழுந்த ரேஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கேன்டீன் மேஜையில் குழு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. டைரக்டர், "உங்க வண்டி ஆளு நல்லா ஓட்டறாரே" என்றார். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பொண்டாட்டி தம்பியாச்சேன்னு வச்சிருக்கேன் சார். இல்லேன்னா இவனை நம்பி ஒரு மூட்டையைக்கூட ஏத்த மாட்டேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழையில், கல் ரோட்டில், ஆடு குறுக்கே வந்த இறக்கத்தில், எத்தனை ரேஸ்! உங்கள் கேமரா ஆடக் கூடாது என்பதற்காக பிரேக்கைப் பூப்போல் பிடித்துப் பிடித்தே எனக்கு விரல் முட்டி வீங்கிக்கிடக்கிறது. உறவுக்காகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் வேலை நேரத்தில் அந்த உறவே வேண்டாம், வெறும் ஓட்டுநராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன். மறுநாள் ஹெல்மெட் மாட்டும்போதே, இன்றைக்கு மாமா என்று கூப்பிடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கூப்பிடவும் இல்லை. அந்த வார்த்தை பெட்டிக்காக என்பது கோபத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. நீங்கள் ரோட்டில் கிடந்தபோதுதான் வந்தது. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஆபீசரிடம் போய் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். கோளாறு என்ற வரியை அடித்துவிட்டேன். அவர் அதைப் படித்துப் பார்த்தார். "ரோஷத்துல ஒருத்தர் தாடையை உடைச்சிருக்கீங்க" என்றார். அதோடு விடவில்லை. இனி கேமரா வண்டி ஓட்ட எனக்கு அனுமதி உண்டா இல்லையா என்பது உங்கள் கையில் இருக்கிறது. இந்த ஓட்டுநரின் பின்னால் மறுபடியும் உட்காரச் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால் உண்டு. இல்லையென்றால் புதுப் பெண்ணை மட்டுமல்ல, யாரையுமே நான் ஏற்ற முடியாது. தாள் உங்கள் வீட்டுக்கு வரும். நான் கெஞ்சவில்லை. தகவல் சொல்கிறேன்.

டைரக்டர் சொன்ன வேலையையும் செய்தேன். கடைக்குப் போனேன். கடைக்காரர், "கணவன் மனைவிக்கா சார்?" என்று கேட்டார். "மாமனுக்கும் மச்சானுக்கும்" என்றேன். "அப்ப வாயை மூடற பட்டன் பெருசா இருக்கறதா பாருங்க" என்றார். சிரிப்பு வரவில்லை.

இரண்டு ஜோடிகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டிலுமே லைன் திறந்தே இருக்கும். எழுப்ப வேண்டியதில்லை, முதல் வார்த்தையை முழுங்காது. முதலாவது காற்று, இன்ஜின் எல்லாச் சத்தத்தையும் வடிகட்டிவிட்டுக் குரலை மட்டும் கொடுக்கும். விலை அதிகம். கடைக்காரர் அதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார். இரண்டாவது அந்த அளவுக்கு வடிகட்டாது, கொஞ்சம் இரைச்சல் இருக்கும். இரண்டிலும் ஸ்பீக்கர் மெலிசு, காது வலிக்காது. எனக்கு முதலாவதுதான் சரியென்று தோன்றுகிறது. இனி எதையும் சொல்வதற்கு முன்னால் யாரும் யாரையும் எப்படியும் கூப்பிட வேண்டியதில்லை.


மார்ச் 13

மாப்ள,

கடைசி வரியை நன்றாகத் தீட்டித்தான் அனுப்பியிருக்கிறாய். குத்திவிட்டது. திருப்தியா?

கேன்டீனில் சொன்னது தப்பு. குழுவைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு அரிக்கும் எனக்கு. அன்று கைக்கு அருகில் நீ இருந்தாய். டைரக்டருக்கு இதை எழுதி அனுப்பிவிட்டேன், குழு முன்னால் படித்துக் காட்டச் சொல்லி. படிப்பார். அந்த மனுஷனுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்.

ஆபீசரின் தாள் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. உன் அக்கா அதைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறாள், தொடுவதில்லை. கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஒரு பக்கம் உங்க தாடை, ஒரு பக்கம் அவன் பொழப்பு. ரெண்டும் என் வீட்டுதுதான், நான் என்னத்தைச் சொல்ல" என்றாள் நேற்று. பிறகு போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உன்மேல் உள்ள கோபத்தில் இல்லை. கோபம் உன் போன கடிதத்தோடு பாதி போய்விட்டது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியை நம் ஷெட்டில் நிறுத்தினார். யாரும் இல்லாதபோது அதில் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து பார்த்தேன். நிற்கிற வண்டி, இன்ஜின்கூட ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பயமாக இருக்கிறது மாப்ள. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை.

பின்னால் உட்காருவதென்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. ஒரு நாளும் நீ உட்கார்ந்ததில்லை. ரோடு எனக்குப் போன பிறகுதான் தெரியும். மரம், வளைவு, பள்ளம் எல்லாம் கடந்து போன பிறகுதான் கண்ணுக்கு வரும். வரப்போவதைப் பார்க்க எனக்கு இருக்கிற ஒரே கண் உன் வாய். அன்றைக்கு நீ சரியாகப் பேசாமல் வந்தபோது, பயல் முறைத்துக்கொண்டு வருகிறான், சாயங்காலம் சரிசெய்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். முறைத்துக்கொண்டிருக்கிற மச்சானும் செத்துப்போன பெட்டியும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஆகவே ஹெட்செட்டைக் கடையில் வைத்துத் தேர்ந்தெடுக்காதே. இருபதாம் தேதி என் வாய்க் கம்பியை எடுக்கிறார்கள். அதை அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஜோடியையும் எடுத்துக்கொண்டு வா. தொழிற்பேட்டைக்குள் போகிற ரோடு ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும், அதிலும் ஒரு வேகத்தடை இருக்கிறது. நான் ஓட்டுகிறேன். நீ பின்பக்கம் பார்த்து உட்கார். கேமராவுக்குப் பதிலாக அதே எடையில் ஒரு மணல் பையைத் தோளில் வைத்துக்கொள். இரண்டு பேருக்கும் முழுக்க மூடிய ஹெல்மெட். அதன் பிறகு எது நல்லது என்று எழுது. தாளைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு.

மாமா


மார்ச் 16

மாமா,

வருகிறேன்.

நீங்கள் வண்டி ஓட்டிப் பல வருஷம் ஆகிறது, அதுவும் இப்போதுதான் கம்பியை எடுக்கப்போகிறார்கள், இதெல்லாம் தேவையா என்று எழுதி ஒரு பக்கத்தை நிரப்பினேன். படித்துப் பார்த்தால் உங்களைப் பற்றிய கவலைபோல் இல்லை, எனக்கு உதறல் எடுத்ததுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன்.

அக்கா போன் செய்தாள். விழுந்த பிறகு அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நலம் விசாரிப்பாள் என்று பார்த்தால், "ரெண்டு பேருக்கும் மூளை கழண்டு போச்சா? நான் அந்த மேட்டுக்குப் பக்கத்துலயே வந்து நிப்பேன். யார் விழுந்தாலும் மொதல்ல ஒரு அறை, அப்புறம்தான் ஆஸ்பத்திரி" என்றாள். சரியென்றேன்.

வேகம் உங்கள் இஷ்டம். என்னிடம் கேட்க வேண்டாம்.


மார்ச் 24

மாமா,

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சுற்று முடிந்து வண்டியிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் நான் வேலியோரமாகப் போய் வாந்தி எடுத்ததை நீங்கள் பார்த்தீர்கள். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதல் சுற்றில் அந்த விலை அதிகமான ஜோடியைப் போட்டோம். கடைக்காரர் சொன்னது சத்தியம். காற்றில்லை, இன்ஜின் இல்லை, உங்கள் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் வந்தது. "கிளம்பறேன்" என்றீர்கள். "இடது வளைவு" என்றீர்கள். இரண்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. பஞ்சை அடைத்ததுபோல் ஒரு அமைதி. ரோடு காலுக்கடியிலிருந்து பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரே என்ன வருகிறதென்று தெரியாது, காதில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றும் தெரியாது. பெட்டி செத்துவிட்டதா, நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களா? "மாமா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன், நீங்கள் சலித்துக்கொள்கிற அளவுக்கு. "மேடு" என்ற வார்த்தை தெளிவாகவே வந்தது, பிடித்துக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது வருகிறவரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இறங்கியதும் "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். அது வெறும் வீம்பு. கை நடுங்குவது அக்காவுக்குத் தெரியக் கூடாதென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் கேட்டேன்.

இரண்டாவது சுற்றில் மற்ற ஜோடி. உள்ளே ஒட்டிய பொத்தான் மைக் உங்கள் வாய்க்கு நேராக இருந்தது. காற்று இரைந்தது. இன்ஜின் உறுமியது. எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் மூச்சு கேட்டது. உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும், மூக்கு அடைத்திருப்பதுகூடத் தெரிந்தது. நீங்கள் ஒன்றும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது. நான் முதல் தடவையாக ஓடுகிற மரங்களை நிதானமாகப் பார்த்தேன்.

பிறகு அந்த மூச்சு நின்றது. இழுத்தது வெளியே வரவில்லை. யோசிக்கவெல்லாம் இல்லை, மணல் பையை விட்டுவிட்டுப் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். வண்டி மேட்டில் ஏறித் தூக்கிப் போட்டது. நான் அப்படியே இருந்தேன். பைதான் ரோட்டில் விழுந்து பிளந்தது.

அந்த நேரம் பார்த்து உங்கள் தாடை பிடித்துக்கொண்டதாம், வார்த்தை வரவில்லையாம். அக்கா போனில் சொன்னாள். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் வருத்தப்பட வேண்டாம், எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஹெட்செட்டைப் பற்றி என் முடிவு: இரண்டாவது. சத்தத்தை வடிகட்டுகிறேன் என்று ஆளையே வடிகட்டிவிடுகிற சாமான் நமக்கு வேண்டாம்.

தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். இதை ரோஷத்தில் சொல்லவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கிறவரிடம் ஒருநாள் முழுக்க வாயை இறுக்கிக்கொண்டு ஓட்டினேன் என்றால், என் பின்னால் நானே உட்கார மாட்டேன். டிப்போவில் சாமான் வண்டி ஓட்ட ஆள் கேட்கிறார்கள், போய்க்கொள்கிறேன். பெட்டிகளுக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மச்சான்


மார்ச் 27

மாப்ள,

என் தாடை பிடித்துக்கொள்ளவில்லை.

உன் அக்கா "பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டாள். தப்பிக்க ஒரு வழி கிடைத்ததென்று தலையை ஆட்டினேன். அதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ என்னடா என்றால் எனக்கு ஆறுதல் சொல்லி எழுதியிருக்கிறாய். படித்தபோது தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

முதல் சுற்று முடிந்து இறங்கி "இவ்வளவுதானா?" என்று கேட்டாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. நான் வாரக்கணக்கில் திரவம் குடித்தேன், தூக்கத்தில் விழுந்து விழுந்து எழுந்தேன், உனக்கு இவ்வளவுதானா? உன் பாக்கெட்டுக்குள் கை நடுங்கியது எனக்கெப்படித் தெரியும்? இரண்டாவது சுற்றுக்கு வண்டியைத் திருப்பும்போதே முடிவு செய்துவிட்டேன். சொல்லப்போவதில்லை. ஒரு தடவை தெரியட்டும் பயலுக்கு. வேகத்தையும் குறைக்கவில்லை. உன் அக்கா மேட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. மேடு தெரிந்தது. வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

நீ விழுவாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். கடைசி நொடியில் நெஞ்சு அடைத்துவிட்டது. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை, மூச்சும் வரவில்லை. நீ கேட்டது அதைத்தான். நான் உன்னைக் காப்பாற்றவில்லை மாப்ள. மறைக்கத் தெரியாத மைக் ஒன்று என்னைக் காட்டிக்கொடுத்தது, நீ பிழைத்தாய்.

நீ சொல்லாதது மறதி. நான் சொல்லாதது ஞாபகமாக. எது பெரிது என்று ஆபீசருக்குத் தெரிந்திருந்தால் தாளை உன்னிடம் அனுப்பி, இந்த ஆளை ஏற்றிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருப்பார்.

உன் அக்காவிடம் இன்று காலை உண்மையைச் சொல்லிவிட்டேன். அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடுப்பை அணைத்தாள். மத்தியானம் பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் இதோடு இருக்கிறது. உன் பின்னால் உட்கார எனக்கு இன்னமும் பயம்தான், ஆனால் முழு ஹெல்மெட்டோடு, கேமராவில் கண்ணை ஒட்ட முடியாது என்பதால் தனியாக ஒரு சின்ன ஸ்க்ரீன் மாட்டிக்கொண்டு உட்காருவேன். வேறு யார் பின்னாலும் உட்காருவதாக இல்லை. ஆனால் என்னை முதுகில் ஏற்றிக்கொள்ள உனக்குச் சம்மதம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. தாளை ஆபீசரிடம் கொடுத்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. கிழித்தால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

மாமா


மார்ச் 31

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் தபாலில் போட்டிருந்தால் இந்த ஜென்மத்தில் நாம் ஒரே வீட்டில் சாப்பிட முடியாது. நேரில் ஒருநாள் வந்து கத்துகிறேன், கதவைச் சாத்தி வைத்துக்கொள்ளுங்கள். கோபம் போகவில்லை. ரேஸ் அன்றைக்குள் போய்விடும் என்றும் சொல்ல முடியாது.

அந்த இரண்டாவது ஜோடியை டைரக்டர் வாங்கிவிட்டார். உங்கள் ஹெல்மெட்டில் நானே மாட்டினேன். பெட்டியை இடது பக்கம் வைத்திருக்கிறேன், வலது கை கேமராவுக்கு வேண்டும் என்பதால். கடைக்காரர் மைக்குக்கு ஒரு தடித்த பஞ்சு உறை கொடுத்தார், இரைச்சல் குறையும் என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தாளை இன்று காலை ஆபீசரிடம் கொடுத்தேன். அவர் முத்திரை குத்துகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். சனிக்கிழமை விடிந்ததும் வண்டியோடு வந்து உங்களை அழைத்துக்கொள்கிறேன்.

வழி முழுக்க என்னிடம் பேச வேண்டும் என்றில்லை. முறைத்துக்கொண்டே வரலாம், நானும் அப்படித்தான் வருவேன். மூச்சை மட்டும் விட்டுக்கொண்டே இருங்கள்.